ஒன்பது நாளும் ஓர் இல்லமும்
(வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் நினைவுநாட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எமக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள், பிள்ளையவர்கள் கப்பலோட்டிய திறத்தையும் செக்கிழுத்த துயரத்தையும் விரித்துரைத்தனர். அவ்விரண்டும் தமிழ்நாட்டிற் சிறுவரும் அறிந்தவை. 1961ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் அவற்றை நாட்டார் கண்முன் நிறுத்திவிட்டது. தூத்துக்குடித் துறைமுகமும் 2011ஆம் ஆண்டில் அவர் பெயரைத் தாங்கியது. ஆதலின் அவற்றை மீட்டும் கூறி உங்கள் பொழுதைக் கவர யாம் எழவில்லை. கப்பலுக்கும் செக்கிற்கும் இடையே கிடந்த ஒன்பது நாட்களைக் குறித்தும், அவற்றின் விலையைக் கொடுத்துத் தீர்த்த ஓர் இல்லத்தைக் குறித்தும் சில கூற விழைகின்றோம். ஒருவர் தொழிலாளர்க்கு உழைத்தார் என்று ஒரு பக்கத்திலும், மனைவி மக்களை உடையராய் இருந்தார் என்று மற்றொரு பக்கத்திலும் வரலாற்று நூல்கள் எழுதிச் செல்கின்றன. அவ்விரு பக்கங்களையும் ஒருங்கு வைத்துப் படித்தல் வேண்டும் என்பதே எமது விண்ணப்பம்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாராய்த் தோன்றினார். தந்தையார் வக்கீல், மகனாரும் வக்கீலாயினார். 1900ஆம் ஆண்டிற்குப் பின் தூத்துக்குடியிற் குடியேறினார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். வக்கீல் தொழிலிற் கை நிறைய வருவாய் இருந்தது. வீட்டிற் பிள்ளைகள் இருந்தனர். இவ்வளவே போதும் என்று ஓர் ஆடவன் அமைந்திருப்பின், அவனைக் குறைகூறுவார் யாவர்?

இனி ஆலையின் செய்திக்கு வருவோம். தூத்துக்குடியிற் கோரல் மில் என்னும் நூலாலை ஒன்று இருந்தது. அதனை நடத்தியவர் ஸ்காத்லாந்து நாட்டினராகிய ஹார்வி சகோதரர். பிரிட்டிஷ் இந்தியாக் கப்பற் கம்பெனியின் ஏஜெண்டுகளும் அவர்களே. எனவே, கடலிற் சுதேசிக் கப்பலுக்குப் பகையாய் நின்ற கையும், கரையில் நூலாலையை நடத்திய கையும் ஒன்றே என்பதை நினைவிற் கொள்க. அவ்வாலையில் நூற்றுவர் பலர் வேலை செய்தனர். கூலி சிறிது, வேலைநேரம் நெடிது, ஓய்வுநாள் இல்லை. ஆண், பெண், சிறுவர் என்னும் வேறுபாடின்றிக் குடும்பம் குடும்பமாக ஆலைக்குட் புகுந்தனர்.

இங்கே சட்டத்தின் நிலையையும் கூறவேண்டும். இன்று எட்டுமணி நேர வேலை என்று எளிதிற் சொல்லுகின்றோம். 1908ஆம் ஆண்டில், வயது வந்த ஓர் ஆண்மகனை நாளொன்றுக்கு எத்துணை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதற்கு இந்நாட்டிற் சட்டவரம்பே இல்லை. நெசவாலைகளில் வளர்ந்த ஆடவர்க்குப் பன்னிரண்டு மணி என்று வரம்பு கட்டப்பட்டதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். தொழிற்சங்கங்களுக்குச் சட்டத்தின் காப்பு 1926ஆம் ஆண்டில் வந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பலரும் கருதும் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள். ஆகவே, பிள்ளையவர்கள் தொழிலாளரிடையே புகுந்தபோது சங்கமும் இல்லை, சட்டமும் இல்லை, உறுப்பினர் சந்தா இல்லை, உண்டியல் நிதி இல்லை. வேலையை நிறுத்தி வீட்டிலிருந்தால் அடுத்த வேளைக்கு அரிசி யார் தருவார் என்னும் கேள்வி ஒன்றே முன்னின்றது.

1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையிற் கூட்டங்கள் நடத்தினர். சுதேசியம் பேசிய நாவே கூலியையும் பேசிற்று. அத்திங்கள் 27ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் வேலைக்குச் செல்லாது நின்றனர். கூலியை உயர்த்துக, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு தருக, வேலைநேரத்தைக் குறைக்க என்பன அவர்தம் வேண்டுகோள்.

நின்றவர்க்குச் சோறு வேண்டுமன்றோ? பிள்ளையவர்கள் நகரத்துச் செல்வரிடமும் வக்கீல்களிடமும் பொருள் திரட்டினார். தம் கைப்பொருளையும் இட்டார். ஆலையிற் செல்லாதவர் பலர்க்கு நகரத்தில் வேறு வேலை தேடிக் கொடுத்தார். ஒரு வேலைநிறுத்தத்தின் உயிர் மேடைப் பேச்சில் இல்லை, அடுப்படியில் இருக்கின்றது என்பதை அவர் அறிந்திருந்தார். இல்லறத்தானுக்கே இவ்வறிவு எளிதில் வாய்க்கும் என்பது எமது துணிபு. அடுப்பெரியாத வீட்டில் அழும் குழந்தையை அறியாதவன், மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பும் தொழிலாளியைக் கோழை என்பான். பிள்ளையவர்களோ அவனுக்கு அரிசி தேடினார்.

நகரமும் உடன் நின்றது. தொழிலாளரைப் பழித்தார்க்கு முடிதிருத்துவோர் பணிசெய்ய மறுத்தனர் என்றும், சலவை செய்வோர் துணி எடுக்க மறுத்தனர் என்றும் அக்காலத்துச் செய்திகள் கூறுகின்றன. எவரை நம் முன்னோர் தாழ்ந்தவரென்று திண்ணைக்குக் கீழே நிறுத்தி வைத்தனரோ, அவரே அவ்வொன்பது நாளும் அறத்தின் காவலராய் நின்றனர். இதனை இச்சங்கத்தில், இம்மேடையில், அழுத்திக் கூறுதல் எம் கடனென்று கருதுகின்றோம்.

மார்ச்சுத் திங்கள் முதல் வாரம் முடியுமுன் ஆலையார் இணங்கினர். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாயிற்று. அயலிலிருந்த பிற ஐரோப்பியக் கம்பெனியாரும் தத்தம் தொழிலாளர் கிளர்ந்தெழாமுன் கூலியைச் சற்றே உயர்த்தினர் என்பர். வங்கத்திலிருந்து அரவிந்தர் நடத்திய ‘வந்தே மாதரம்’ இதழ் இவ்வெற்றியைப் பாராட்டி எழுதிற்று.

அன்பர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். கூலி உயர்வைக் கணக்கிற் காட்டலாம். ஓய்வுநாளை எக்கணக்கில் எழுதுவது? விடியுமுன் எழுந்து ஆலைக்குச் சென்று, விளக்கு வைத்தபின் திரும்பும் ஒருவன், தன் மக்களை விழித்த முகத்தோடு காண்பதெப்போது? அவன் புறப்படுங்கால் அவர்கள் உறங்குவர்; அவன் திரும்புங்கால் மீட்டும் உறங்கியிருப்பர். ஆண்டு முழுதும் அங்ஙனமே கழியுமாயின், அக்குழந்தைகட்குத் தந்தையென்பவன் இருட்டில் வந்துபோகும் ஓர் உருவமேயாவான். வள்ளுவனார் மக்கட்பேற்றைப் பேசுங்கால் குழந்தையின் மழலையையும் அது கைவிட்டு அளாவிய உணவையும் எடுத்துச் சிறப்பித்தார். அம்மழலையைக் கேட்கப் பகற்பொழுது வேண்டும். அவ்வுணவை உண்ண வீட்டில் இருத்தல் வேண்டும். தூத்துக்குடியிற் கிறித்தவர் பலர். ஞாயிறன்று தேவாலயஞ் செல்லும் பேறும் அவர்க்கு இதனாற் கிட்டியது. ஆகவே பிள்ளையவர்கள் ஆலையாரிடமிருந்து பெற்றுத் தந்தது, பல நூறு தந்தையர்க்கு வாரத்தில் ஒரு பகல்.

அவ்வெற்றிக்குப் பின் அவர் தம் மக்களோடு எத்துணை ஞாயிற்றுக்கிழமை இருந்தார் தெரியுமா? ஒன்றே. மார்ச்சு 8ஆம் நாள் ஞாயிறு. மறுநாள், விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடும் நிகழ்ச்சி. மார்ச்சு 12ஆம் நாள் வியாழக்கிழமை பிள்ளையவர்களும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் திருநெல்வேலியிற் சிறைப்படுத்தப்பட்டனர். அதன்பின் அவர் இல்லத்தில் தந்தையோடு கழிந்த ஞாயிற்றுக்கிழமை 1912ஆம் ஆண்டு டிசம்பர் வரையில் இல்லை.

சிறைப்பட்ட மறுநாள் திருநெல்வேலியிற் பெருங்கலகம் மூண்டது. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியிலும் கடைகள் அடைக்கப்பட்டன. கோரல் மில் தொழிலாளர் மீண்டும் ஆலையை விட்டு வெளியேறினர். இம்முறை கூலி கேட்டிலர். நேரக் குறைப்புக் கேட்டிலர். தமக்காக நின்றவரைச் சிறையிலிட்டது அநீதி என்பதே அவர்கள் கூற்று. வண்டியோட்டிகளும் துப்புரவுத் தொழிலாளரும் முடிதிருத்துவோரும் அவரோடு சேர்ந்தனர். திலகர் தண்டனை பெற்றபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தியதை உலகம் போற்றும். ருஷிய நாட்டு லெனினும் அதனை எடுத்தெழுதினார். அது 1908ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிகழ்ந்தது. தூத்துக்குடித் தொழிலாளர் நின்றது அதற்கு நான்கு திங்களுக்கு முன்னர். இந்நாட்டு வரலாற்று நூல்கள் பலவும் பம்பாயைக் கூறித் தூத்துக்குடியை விட்டுச் செல்வது எமக்குப் பெருங்குறையாகவே தோன்றுகின்றது. எம்மிடம் பயிலும் மாணாக்கர்க்கு இவ்விரண்டையும் தேதியோடு சேர்த்தே எழுதிப் போடுவது எமது வழக்கம்.

1908ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் செசன்ஸ் நீதிபதி பின்ஹே என்பார் தீர்ப்புக் கூறினார். அரச நிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதாண்டு. அப்போது பிள்ளையவர்க்கு முப்பத்தாறாண்டும் நிரம்பவில்லை. நாற்பதாண்டு கழித்து அவர் மீள்வாராயின், தொட்டிலில் விட்டுச் சென்ற குழந்தைக்குப் பேரன் பிறந்திருப்பான். உயர்நீதிமன்றம் பின்னர் அத்தண்டனையைக் குறைத்தது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் கடுஞ்சிறை. ஆயின், குறைத்த செய்தி வருவதற்கு முன்னமே முதற்றீர்ப்பு அவ்வில்லத்தைத் தாக்கிவிட்டது. தம்பியார் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தீர்ப்பைக் கேட்டுச் சித்தங் கலங்கினார். முதிய தந்தையார், இளமனைவியார் மீனாட்சியம்மையார், சிறு பிள்ளைகள், சித்தங் கலங்கிய தம்பி. இவர்களையும் அத்தீர்ப்புத் தண்டித்தது. அவர்கள் பெயர் தீர்ப்புத்தாளில் இல்லை என்பதொன்றே வேறுபாடு.

பிள்ளையவர்கள் நாட்டை நினைத்து வீட்டை மறந்தார் என்று புகழ்வாரும் உளர். அதனையே குறையாகக் கூறுவாரும் நம்முள் உளர். இவ்விரு திறத்தார் கூற்றும் எமக்கு உடன்பாடன்று. அவர் வீட்டை மறந்தார் என்பதற்குச் சான்றில்லை. மறக்கவில்லை என்பதற்குச் சான்று அவர் எழுதிய நூல்களிலேயே கிடைக்கின்றது. சிறையிலிருந்த காலத்தும் அதனையடுத்தும் அவர் செய்தவற்றுள் ‘மெய்யறம்’ என்பது ஒன்று. 1914ஆம் ஆண்டில் அச்சேறிற்று. அது நூற்றிருபத்தைந்து அதிகாரம் உடையது. அதிகாரந்தோறும் பத்து ஓரடிப் பாக்கள். திருக்குறள் பாயிரத்திற்குப் பின் இல்வாழ்க்கையிலே தொடங்கி நடப்பதை யாவரும் அறிவோம். மெய்யறமோ மாணவரியலைத் தலைக்கண் வைத்து, அதன்பின் இல்வாழ்வியலை அமைத்து, அரசியலை மூன்றாவதாகவே கொண்டது. அரசியலுக்காகச் சிறைபுக்க ஒருவர், நீதிநூல் செய்யப் புகுந்தபோது மாணவனை முன்வைத்தார். இல்லத்தை அடுத்து வைத்தார். கற்கும் பருவத்துப் பிள்ளைகளைத் தொலைவில் விட்டுவந்த தந்தை ஒருவர்க்கன்றி இவ்வைப்புமுறை தோன்றுமோ என்று யாம் பலகாலும் எண்ணியதுண்டு. இஃது எமது ஊகமே. அவர் அங்ஙனம் எழுதி வைத்தாரல்லர். எனினும் இலக்கணம் பயின்றார்க்கு வைப்புமுறையும் ஒரு சான்றேயாகும். கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகள் சிலர் வேண்ட அவர்க்கு நீதி கற்பித்ததிலிருந்தே ‘மெய்யறிவு’ பிறந்தது. தம் மக்கட்குக் கற்பிக்கும் பேறிழந்தவர் அயலார் மக்கட்குக் கற்பித்தார்.

விடுதலைக்குப் பின் வந்த ஆண்டுகளே மிகக் கொடியன. வக்கீல் சன்னது பறிபோயிற்று. கப்பற் கம்பெனி 1911ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது. அவர் குடும்பத்தோடு சென்னையிற் குடியேறிச் சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர், மயிலாப்பூர் என இடமாறி வாழ்ந்தார். பலசரக்கு விற்றுப் பார்த்தார். நெய் விற்றுப் பார்த்தார். வாணிகம் கைகூடவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்த தமிழர், பெரும்பாலும் எளிய தொழிலாளர், அவர்க்கெனத் திரட்டிய பொருள் ஒன்று காந்தியடிகளிடம் இருந்தது. 1915ஆம் ஆண்டில் இருவர்க்கும் இடையே அதுபற்றிக் கடிதங்கள் நடந்தன. அப்பணத்தை வேண்டாவென்று மறுக்கும் நிலையில் தாமும் தம் குடும்பமும் இல்லை என்பதைப் பிள்ளையவர்கள் ஒளியாமல் எழுதினார். 1916ஆம் ஆண்டில் அது வந்து சேர்ந்தது: முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் பன்னிரண்டணா. பெருமை பேசி மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் நாமும் அதனை மேடைதோறும் புகழ்ந்திருப்போம். பிள்ளைகள் பசித்திருக்கத் தன்மானம் காத்தான் என்னும் புகழ் அவர்க்கு வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்து ஒரு கேள்வி எழுகின்றது. கப்பற்பங்கு வாங்கப் பொருள் வைத்திருந்த செல்வர்கள், அவர் பிறந்த குலத்துப் பெருநிலக்கிழார்கள், அக்காலத்து எங்கே இருந்தனர்? கடலுக்கு அப்பாலிருந்த கூலிகள் சில்லறை திரட்டி அனுப்பினர். அண்டையிலிருந்தோர் பலர், அரசாங்கத்தின் சினத்திற்கு அஞ்சி, அவரோடு பேசவும் பின்வாங்கினர். விலக்காய் நின்ற நண்பர் சிலர் உண்டு, பரலி சு. நெல்லையப்பர் போன்றோர் கோயம்புத்தூர்ச் சிறைக்கு அருகிலேயே தங்கிப் பணிசெய்தனர். ஆயினும் பொதுவிற் கூறுமிடத்து நம் குலம் அவரைக் கைவிட்டது. இன்று அவர் படத்தை நடுவில் மாட்டி மாலையிடும் நாம் இதனை அறிந்துகொண்டே மாலையிடுதல் நன்று.

அவ்வறுமையிலும் தொழிலாளர் பணியை அவர் விட்டாரல்லர். சென்னைத் தொழிலாளர் சங்கத்தைச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தோற்றுவிக்க, வாடியா தலைமை தாங்க, திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உடனுழைத்த காலம் அது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் அச்சங்கத்தின் உயிர்நிலை. அப்பகுதியிலேயே பிள்ளையவர்கள் வாழ்ந்திருந்தார். நகரத்துத் தொழிலாளர் கூட்டங்களிற் பேசினார். சில சங்கங்கட்குத் தலைமையும் பூண்டார். 1920ஆம் ஆண்டில் ஆலை நிருவாகம் வாடியாமீது வழக்குத் தொடுத்தது. தொழிலாளர்க்கு ஒப்பந்தத்தை மீறுமாறு சொல்லலாகாதென உயர்நீதிமன்றம் தடையுத்தரவு இட்டது. அவ்வழக்கினால் எழுந்த கவலையே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிவகுத்தது. இன்று ஒரு சங்கத்தின் செயலாளர் அச்சமின்றி ஆலைவாயிலில் நின்று பேசுகின்றாரெனின், அதற்குப் பின்னே அவ்வழக்கு இருக்கின்றது. அவ்வழக்கிற்கும் பன்னீராண்டு முன்னே தூத்துக்குடி இருக்கின்றது.

குலத்தைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். இது குலச்சங்கம், இங்கே மறைத்துப் பேசுதல் முறையன்று. பிள்ளையவர்கள் ஒட்டப்பிடாரத்தில் இளைஞராய் இருந்த நாளில், இராமையா தேசிகர் என்னும் கண்பார்வையற்ற துறவியைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். தேசிகர் ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர். ஊரிலிருந்த நம்மவர் அதற்குச் சினந்தனர். சாதிக்கட்டு மீறினார் என்றனர். பிள்ளையவர்களின் முதல் மனைவியார் வள்ளியம்மையார் அத்துறவிக்குத் தம் கையாலேயே உணவு படைத்தார் என்று வரலாறு எழுதினோர் கூறுவர். அவ்வம்மையார் இளமையிலேயே காலஞ்சென்றார். அவர்பால் பிள்ளையவர்கள் கொண்ட மதிப்பு இறுதிவரை குன்றவில்லை. கோரல் மில் வாயிலிற் பல குலத்தாரோடு நின்றவர் அன்று திடீரெனத் தோன்றியவர் அல்லர். அவர் வீட்டு அடுக்களையிலேயே அது தொடங்கிற்று. அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடும் நாம், அவரை விலக்கிவைக்க எண்ணியவரும் நம்மவரே என்பதைச் சேர்த்தே நினைவுகூர வேண்டியவராகின்றோம்.

சென்னைக்குப் பின் கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் மானேஜராகச் சிலகாலம் இருந்தார். பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதி வாலஸ் துரையின் உதவியால் வக்கீல் சன்னது மீண்டும் கிடைத்தது. கோவிற்பட்டியிலும் பின்பு தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். அந்நன்றியை அவர் எங்ஙனம் செலுத்தினார் என்பது கேட்கத்தக்கது. தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தென்னாப்பிரிக்காவிலிருந்து பொருளுதவிய வேதியப் பிள்ளை என்னும் அன்பரை நினைந்து ஒரு மகளுக்கு வேதவல்லி என்று பெயரிட்டார் என்பர். மூத்த மகனுக்கு உலகநாதன் என்பது தந்தையார் பெயர். கொடுக்கப் பொருளில்லாதவர், தமக்குக் கிடைத்த உதவிகளையெல்லாம் மக்களின் பெயர்களில் எழுதி வைத்தார். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு தாய் தன் பிள்ளைகளைச் சாப்பிட வருமாறு பெயர் சொல்லி அழைத்த பொழுதெல்லாம், அவர் நன்றி மறவாதவர் என்பது தெருவிற் கேட்டிருக்கும். ஆங்கில ஆட்சியைக் கடலில் எதிர்த்தவர் ஓர் ஆங்கிலேயர் பெயரை மகனுக்கு இடுவதா என்று எம் மாணாக்கன் ஒருவன் வினவினான். எதிர்த்தது ஆட்சியை; நன்றி பாராட்டியது மனிதனுக்கு. இரண்டையும் பிரித்தறியும் தெளிவு அவரிடம் இருந்தது.

தமிழுக்கு அவர் செய்தவற்றைப் பற்றித் தனியே ஒருநாள் பேசவேண்டும். இன்று தொட்டுச் செல்வதே அமையும். 1917ஆம் ஆண்டில், நெய் விற்றும் கடன் வாங்கியும் நாட்கழித்த அக்காலத்தில்தான், திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் செய்த உரையை அச்சிட்டார். தொல்காப்பிய இளம்பூரணப் பதிப்பிலும் உழைத்தார். ஜேம்ஸ் ஆலன் என்பாரின் நூல்களைத் தமிழாக்கினார். புலவர்கள் செய்யவேண்டிய பணியை வறுமையிலிருந்த வக்கீல் செய்தார் என்பதை நினைக்குந்தோறும் எம்போன்ற பண்டிதர்க்கு நாணமுண்டாகின்றது.

1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். தம்மைத் தூத்துக்குடிக் காங்கிரசு நிலையத்திற்குக் கொண்டுசெல்லுமாறு வேண்டி, அங்கேயே மறைந்தார். இறக்குமுன் அவர் எழுதுவித்த உயிலிற் சொத்துக்களின் பட்டியல் நீண்டதன்று. துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தரவேண்டிய பாக்கிகளையே அது கணக்கிட்டுக் கூறுகின்றது. எவருக்கும் கடன்பட்டு இறத்தல் கூடாது என்பதும், அக்கடன் தம் மக்களின் தலையில் மயங்கிக் கிடத்தல் ஆகாது என்பதும் அவர் கருத்தாயிருத்தல் வேண்டும். பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்திற் கப்பற் கம்பெனி கண்டவரின் இறுதிக் கணக்கு எண்ணெய்க்கடைப் பாக்கியில் வந்து முடிந்தது.

செயற்குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 18ஆம் நாளிலேயே இக்கூட்டத்தை நடத்தி வருகின்றோம். பெரும்பாலும் அது வேலைநாளாய் அமைகின்றது. பின் வரிசையிற் பாருங்கள்: உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்ற பெரியோரும், கடையை மகனிடம் ஒப்பித்து வந்தோரும் இருக்கின்றனர். ஆலையிலும் பட்டறையிலும் வேலை செய்வோர் ஒருவரையும் காணோம். நம் குலத்திலும் அத்தகையோர் பலர் உளர். வரும் ஆண்டுமுதல், அந்நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையிற் கூட்டத்தை வைத்து, மனைவி மக்களோடு வருமாறு தொழிலாளரை அழைத்தல் வேண்டும். நம் குலத்தார் என்னும் வரையறை அன்றைக்கு வேண்டா. ஆலைவாயிலில் உள்ள சங்கங்கட்கும் அழைப்பிதழ் செல்லட்டும். நண்பகல் உணவு இங்கேயே அளிக்கப்படுக. பந்தி ஒன்றாகவே இருக்கட்டும். அதற்காகும் அரிசியில் ஒரு மூட்டையை எமது பெயரில் எழுதிக்கொள்ளுமாறு பொருளாளரை வேண்டுகின்றோம்.